ஆனர்ஸ் எடுப்பதா, விடுவதா: அன்னாபொலிஸில் ஒரு மிட்ஷிப்மேனின் முடிவு

ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. எங்கள் வீட்டுக்கு வந்துபோகும் மிட்ஷிப்மேன், அதாவது அமெரிக்கக் கடற்படை அகாடமியின் மூன்றாம் ஆண்டு மாணவி, மதியம் சாம்பார் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிட்டுவிட்டு, வழக்கம்போல எங்கள் வீட்டு சோபாவில் இரண்டு மணி நேரம் அடித்துப்போட்ட மாதிரி தூங்கி எழுந்தாள். முகம் கழுவிக்கொண்டு வந்தவள், பையிலிருந்து ஒரு தாளை எடுத்துச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தாள்.

"ஆன்ட்டி, இதற்கு நான் பெயர் கொடுக்கலாமா, வேண்டாமா? பத்து நாளில் சொல்லியாக வேண்டும்."

அவளுடைய துறையின் ஆனர்ஸ் விண்ணப்பம் அது.

அமெரிக்கக் கடற்படை அகாடமி இருக்கும் அன்னாபொலிஸ் நகரில்தான் நாங்கள் பல ஆண்டுகளாக வசிக்கிறோம். அங்கே ஸ்பான்சர் குடும்பம் என்றொரு ஏற்பாடு உண்டு. முதலாண்டு மாணவர்களை உள்ளூர்க் குடும்பங்கள் ஏற்றுக்கொள்ளலாம். விடுமுறை நேரத்தில் வீட்டுச் சாப்பாடு, ஒரு சோபா, துணி துவைக்கும் இயந்திரம், பேச ஒரு காது: கொடுப்பது அவ்வளவுதான். இவள் அப்படி வந்த பெண். பெற்றோர் திருநெல்வேலிப் பக்கம். வேறொரு மாநிலத்தில் இருக்கிறார்கள். முதல் ஞாயிறு ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடித்தபோதே எங்கள் வீட்டுப் பிள்ளையாகிவிட்டாள்.

அவள் எடுத்த முடிவையும், அதற்கு வந்து சேர்ந்த விதத்தையும், பின்னால் நடந்ததையும் அவள் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயரும் ஆண்டும் சொல்லவில்லை. ராணுவ அகாடமிகளில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் பலர் இதே கேள்வியை என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்குத் தொலைபேசியில் பத்து நிமிடத்தில் சொல்ல முடியாததை இங்கே சொல்ல முயல்கிறேன்.

எந்த ஆனர்ஸ்?

அன்று மாலையே அவள் அப்பா என்னை அழைத்தார். "அக்கா, ஆனர்ஸ் என்றால் நல்லதுதானே? இதில் யோசிக்க என்ன இருக்கிறது? எங்கள் அப்பா காலத்தில் பி.ஏ. ஆனர்ஸ் என்றால் ஊரே திரும்பிப் பார்க்கும்."

அவர் மனதில் இருந்தது பழைய சென்னைப் பல்கலைக்கழகத்து ஆனர்ஸ். அன்னாபொலிஸில் அந்தச் சொல்லைச் சுற்றி மூன்று வெவ்வேறு விஷயங்கள் இருக்கின்றன. அவற்றைப் பிரிக்காமல் பேசினால் பேச்சு எங்கும் போய்ச் சேராது.

முதலாவது, பட்டமளிப்பில் 'டிஸ்டிங்ஷன்' என்று வாசிக்கப்படுவது. இது தரவரிசையைப் பொறுத்தது. பாட மதிப்பெண், ராணுவப் பணியில் நடந்துகொள்ளும் விதம், ஒழுக்கம், உடற்தகுதி எல்லாவற்றையும் சேர்த்து ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் கணக்கிடுகிறார்கள். அந்த வரிசையின் உச்சியில் இருப்பவர்களுக்கு இது தானாக வரும், விண்ணப்பம் கிடையாது.

இரண்டாவது, ட்ரைடென்ட் ஸ்காலர் திட்டம். 1963-இல் தொடங்கியது. வகுப்பில் மேலே இருப்பவர்களிலிருந்து விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரைத் தேர்ந்தெடுத்து, கடைசி ஆண்டில் அவர்களுடைய பாடச்சுமையைக் குறைத்து, ஆண்டு முழுவதும் ஒரே ஆய்வில் இறக்கிவிடுகிறார்கள். இவள் நல்ல மாணவி. ஆனால் அந்த உச்சி வரிசையில் இல்லை. அதனால் அந்தப் பேச்சே எழவில்லை. அப்பாவுக்கு மட்டும் அது கொஞ்ச நாள் உறுத்திக்கொண்டிருந்தது.

மூன்றாவதுதான் மேசைமேல் கிடந்த தாள்: துறை ஆனர்ஸ். மூன்றாம் ஆண்டில் விண்ணப்பித்து, நான்காம் ஆண்டில் ஒரு பேராசிரியரின் கீழ் ஆய்வு செய்து, ஆய்வேடு எழுதி, ஆசிரியர்கள் முன்னால் நின்று விளக்க வேண்டும். தகுதி மதிப்பெண் துறைக்குத் துறை மாறும். அவளுடையது கடலியல் துறை. தகுதி இருந்தது. வேண்டுமா என்பதுதான் கேள்வி.

சாதாரணக் கல்லூரியாக இருந்தால் நானும் அவள் அப்பாவைப் போலத்தான் சொல்லியிருப்பேன். அங்கே ஆனர்ஸ் மேற்படிப்புக்கு வழி திறக்கும், வேலைக்கு உதவும். நேரம் போதவில்லையென்றால் ஒரு செமஸ்டர் கூட எடுத்துக்கொள்ளலாம். அகாடமியில் இந்த மூன்றுமே வேறு மாதிரி. படித்து முடித்ததும் வேலை நிச்சயம். குறைந்தது ஐந்து ஆண்டுப் பணிக்கு மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்திலேயே கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். எந்தத் துறையில் படித்தாலும், ஆங்கில இலக்கியமே படித்தாலும், கிடைப்பது இளம் அறிவியல் பட்டம்தான். நான்கு ஆண்டில் முடித்தாக வேண்டும். ஆனர்ஸ் எடுத்தவருக்கும் எடுக்காதவருக்கும் முதல் நாள் தோளில் ஏறுவது ஒரே பதவிச் சின்னம்.

அப்படியானால் எதற்காக எடுக்க வேண்டும்? அவளிடம் நான் முதலில் கேட்டது இதைத்தான். கேட்ட தொனியிலேயே என் பதிலும் இருந்தது: வேண்டாம், தூங்கு.

காலண்டர் தாளின் பின்பக்கம்

எங்கள் வீட்டில் தினசரி காலண்டர் கிழித்த தாள்களைச் சேர்த்துவைத்துப் பின்பக்கத்தில் கணக்கு எழுதுவது வழக்கம். அப்படி ஒரு தாளை அவள் முன்னால் வைத்தேன். "உன் வாரத்தை இதில் எழுது" என்றேன்.

அகாடமியின் நாள் எப்படிப் போகும் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காலை ஆறரைக்கு எல்லோரும் எழுந்துவிட வேண்டும். ஏழு மணிக்கு அணிவகுப்பு, பிறகு காலை உணவு. எட்டு மணிக்குச் சற்று முன்பே வகுப்பு தொடங்கிவிடும். மதியம் மறுபடியும் அணிவகுப்பு, உணவு, மறுபடியும் வகுப்பு. நாலு மணிவாக்கில் விளையாட்டு. யாரும் தப்ப முடியாது, ஏதாவது ஓர் அணியில் இருந்தே ஆக வேண்டும். இரவு எட்டிலிருந்து பதினொன்று வரை படிக்கும் நேரம்.

அவள் எழுதினாள். இரவுப் படிப்பு, ஞாயிறு முதல் வியாழன் வரை, நாளைக்கு மூன்று மணி வீதம் பதினைந்து மணி. பகலில் வகுப்பில்லாத இடைவெளிகளைச் சேர்த்தால் ஆறு மணி. வார இறுதியில் உருப்படியாகப் படிப்பது ஐந்து மணி. ஆக வாரத்துக்கு இருபத்தாறு மணி நேரம் அவள் கையில் இருந்தது. இப்போதைய பாடங்களே இருபத்திரண்டு மணி நேரத்தை எடுத்துக்கொண்டிருந்தன. மிச்சம் நான்கு.

ஆனர்ஸ் எடுத்தால் விருப்பப் பாடம் ஒன்றின் இடத்தில் ஆய்வுப் பாடம் வரும் என்பதால் தாளில் சுமை அதிகம் கூடியதாகத் தெரியாது. கடிகாரத்தில் தெரியும். முந்தைய ஆண்டு முடித்த இரண்டு பேரிடம் அவள் கேட்டிருந்தாள். பாடத்துக்கென்று ஒதுக்கும் நேரத்துக்கு மேலே வாரத்துக்குப் பத்து மணி நேரம் என்று இருவருமே சொன்னார்கள். பத்தில் நாலு இருக்கிறது. ஆறு குறைகிறது.

"அந்த ஆறு மணி எங்கிருந்து வரும்?" என்று கேட்டேன். பேனாவை வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பிறகு கீழே வரிசையாக எழுதினாள்: தூக்கம். டிரையத்லான் கிளப். பிளீப்கள். இந்த வீடு.

பிளீப் என்பது முதலாண்டு மாணவருக்கு அங்கே வழங்கும் பெயர். மேல் வகுப்பு மாணவர்கள்தான் அவர்களைப் பழக்குகிறார்கள். கடைசி ஆண்டில் அவள் ஒரு சிறு குழுவுக்கோ அதைவிடப் பெரிய பிரிவுக்கோ பொறுப்பேற்க வேண்டியிருக்கும். அகாடமி இருப்பதே அதற்காகத்தான். கடலலையைப் பற்றி ஆய்வேடு எழுத எத்தனையோ பல்கலைக்கழகங்கள் உண்டு. பதினெட்டு வயதுப் பிள்ளை வீட்டு நினைப்பில் உடைந்துபோகும் இரவில் பக்கத்தில் உட்கார வேண்டிய பொறுப்பு இருபத்தோரு வயதில் வருவது இங்கேதான். அதனால் பட்டியலின் மூன்றாவது சொல்லைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. அவளுக்கும்தான். தானே அதை அடித்தாள். "இதிலிருந்து எடுக்க மாட்டேன்."

அடுத்து நான் தூக்கத்தை அடித்தேன். வாரக்கணக்கில் தூக்கம் கெட்டவர்கள் என் சோபாவில் எப்படி விழுகிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

மிச்சம் இருந்தது நீச்சல், சைக்கிள், ஓட்டம் என்று போகும் அந்த டிரையத்லான் கிளப்பும் எங்கள் வீடும்.

தண்ணீர்

நேரக் கணக்கு தெளிவாகிவிட்டது. ஆனால் முடிவு வரவில்லை. வந்தது மார்ச் தொடக்கத்தில் என்று சொன்னால், பத்து நாள் கெடு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். ஆர்வம் இருப்பதாகப் பெயரைக் கொடுத்துவிட்டாள். ஆய்வுத் தலைப்பை முடிவு செய்து உறுதி சொல்ல வசந்த விடுமுறை வரை நேரம் கிடைத்தது. எடுக்கலாமா என்ற கேள்விக்கு உண்மையான விடை அந்த இடைவெளியில்தான் கிடைத்தது.

பிப்ரவரியில் ஒரு நாள். மழை இல்லை, வானத்தில் துளி மேகம் இல்லை. நகரத்துப் படகுத்துறையில் தண்ணீர் சாலைமேல் ஏறி நின்றது. அன்னாபொலிஸில் இது புதிதல்ல. கடைக்காரர்கள் மணல் மூட்டையைக் கதவோரமாகவே வைத்திருப்பார்கள். அன்று அவள் வந்திருந்தாள். என் கணவரின் ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு, தண்ணீரில் இறங்கி நடைமேடையோரமாக நின்றாள். ஒரு மரக்குச்சியில் பேனாவால் கோடு கிழித்து, கல் இடுக்கில் செருகி, கால் மணிக்கு ஒரு தரம் குனிந்து குனிந்து பார்த்தாள். காபி ஆறிப்போயிற்று. கூப்பிட்டேன், காதில் விழவில்லை.

திரும்பி வந்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது. "ஆன்ட்டி, ஏற்றவற்ற அட்டவணைப்படி தண்ணீர் இறங்க ஆரம்பித்து ஒன்றரை மணி நேரம் ஆகிறது. இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது."

செசபீக் விரிகுடா ஒரு நீண்ட குடுவை மாதிரி. வாய் தெற்கே இருக்கிறது. அன்னாபொலிஸில் நிலவு இழுக்கும் ஏற்றவற்றம் சராசரியாக ஓர் அடிதான். காற்று அதைவிட அதிகம் செய்யும். தெற்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ விடாமல் வீசினால் தண்ணீரை மேலே தள்ளிக்கொண்டு வரும். வடமேற்குக் காற்று எழுந்தால் விரிகுடாவைக் காலி செய்துவிடும், படகுகள் சேற்றில் உட்கார்ந்துவிடும். 2003 செப்டம்பரில் இசபெல் புயல் வந்தபோது ஏழு அடி அளவுக்குத் தண்ணீர் உயர்ந்து அகாடமியின் வகுப்புக் கட்டிடங்களுக்குள்ளேயே புகுந்தது. புயல் நாளைச் செய்தியில் சொல்லிவிடுவார்கள். வெயில் நாளில் சாலைக்கு வரும் இந்தத் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், எப்போது இறங்கும்? அதுதான் அவளைப் பிடித்துக்கொண்டது.

அதற்கு வேண்டியதெல்லாம் பக்கத்திலேயே இருந்தது. அன்னாபொலிஸில் 1928 முதல் நீர்மட்டம் அளக்கப்பட்டுவருகிறது. அளவுமானி இருப்பது அகாடமி வளாகத்துக் கரையில். சற்றுத் தெற்கே தாமஸ் பாயின்ட் கலங்கரை விளக்கத்தில் காற்று அளவிடப்படுகிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். அவ்வளவுதான்.

ஜனவரியில் அந்தத் தாளைக் காட்டியபோது "ஆனர்ஸ் எடுக்கலாமா?" என்று கேட்டாள். பிப்ரவரியில் அந்தச் சொல்லே அவள் வாயில் வரவில்லை. தண்ணீரைப் பற்றித்தான் பேசினாள். இந்த நிகழ்வில் திருப்பம் எது என்று கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன்.

உலோகத் தகடுகளுக்கு மேல் ஒரு தகப்பன்

வசந்த விடுமுறைக்கு முன் அவள் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். வளாகத்தைச் சுற்றிக் காட்டும்போது மைக்கல்சன் கட்டிடத்துக்கும் ஷோவனே கட்டிடத்துக்கும் நடுவே அவர்களை நிறுத்தினாள். தரையில் வரிசையாகத் தகடுகள் பதிந்திருக்கும். ஒளியின் வேகத்தை ஆல்பர்ட் மைக்கல்சன் அளந்த கோடு அது.

மைக்கல்சன் பிரஷ்யாவில் பிறந்து சிறு பிள்ளையாக அமெரிக்காவுக்கு வந்தவர். அகாடமியில் 1873-இல் பட்டம் பெற்றார். ஒளியியலில் வகுப்பில் முதலிடம். கப்பலோட்டும் பாடத்தில் இருபத்தைந்தாவது இடம். கடலில் பணியாற்றிவிட்டு இங்கேயே இயற்பியல் கற்பிக்க வந்தார். வகுப்பில் செய்துகாட்ட வேண்டிய ஒரு பரிசோதனையை இன்னும் நன்றாகச் செய்யலாமே என்று தொடங்கியவர், 1878-இல் சுமார் பத்து டாலர் செலவில் ஒரு சுழலும் கண்ணாடியைச் செய்துகொண்டார். பிறகு மாமனார் கொடுத்த இரண்டாயிரம் டாலரில் கருவிகளை மேம்படுத்தி, 1879-இல் கடற்சுவரோரமாக ஒளியின் வேகத்தை அளந்தார். இன்றைய மதிப்பிலிருந்து அது ஆயிரத்தில் ஒரு பங்குகூட விலகவில்லை. 1881-இல் கடற்படையை விட்டு விலகினார். 1907-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார். அறிவியலில் அதைப் பெற்ற முதல் அமெரிக்கர்.

அவள் அப்பா ஆலையில் இயந்திரப் பராமரிப்பில் இருப்பவர். அளவு என்றால் அவருக்கு உயிர். குனிந்து ஒரு தகட்டை விரலால் தடவினார். பிறகு அவர் கேட்ட கேள்வி என்னைத் தூக்கிவாரிப்போட்டது. "அக்கா, கடற்படைக்கு இந்த மனிதரால் லாபமா, நஷ்டமா? கடைசியில் விலகிவிட்டாரே?"

நல்ல கேள்வி. ஆனர்ஸ் என்பது ராணுவத்துக்குள் ஒரு பிள்ளையை அறிஞராக்கி வெளியே அனுப்பிவிடும் கதவா? மைக்கல்சன் கதையைக் காட்டி அப்படிச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவரை ஆய்வுத் திட்டத்தில் யாரும் சேர்க்கவில்லை. அன்று அப்படி ஒரு திட்டமே கிடையாது. கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. இடம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அவர் போயிருப்பார். இன்று நடுவே ஓர் இடம் இருக்கிறது: கேள்வியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கப்பலுக்குப் போகலாம், கப்பலிலிருந்து பிறகு மான்டெரேயில் உள்ள கடற்படை முதுநிலைப் பள்ளிக்குப் படிக்க வரலாம். இதை அவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். மகளைப் பார்த்து, "உனக்கு அந்தத் தண்ணீர்க் கணக்கு போட வேண்டுமா?" என்றார்.

"ஆமாம் அப்பா."

"அப்போ போடு. ஆனர்ஸ் கிடைத்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி."

இரண்டு மாதம் முன்பு ஊர் திரும்பிப் பார்க்கும் என்று சொன்ன அதே மனிதர். நானும் அவள் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

பேராசிரியரிடம் கேட்ட மூன்று கேள்விகள்

உறுதி சொல்வதற்கு முன் அவள் வழிகாட்டியாக வரவிருந்த பேராசிரியரிடம் போனாள். என்ன கேட்கப் போகிறாள் என்பதை எங்கள் மேசையில் உட்கார்ந்துதான் எழுதினாள். என் பங்கு ஒன்று அதில் இருக்கிறது; மற்ற இரண்டும் அவளுடையவை.

ஆய்வேடு என்று ஏற்றுக்கொள்ளக்கூடிய மிகச் சிறிய வேலை எது? பெரிய கனவைப் பற்றிக் கேட்க வேண்டாம், சிறியதைக் கேள் என்றேன். பேராசிரியர் சிரித்துவிட்டு, ஓர் ஆண்டின் காற்றுப் பதிவையும் நீர்மட்டப் பதிவையும் ஒழுங்காக ஒப்பிட்டு, எந்த நாட்களில் அட்டவணை ஏன் தவறியது என்று விளக்கினாலே போதும் என்றாராம். அவள் மனதில் இருந்தது இருபது ஆண்டுப் பதிவும், முன்னறிவிப்புக் கணக்கும், வரைபடமும்.

இரண்டாவது, அக்டோபரில் தரவு கைகொடுக்காவிட்டால் என்ன செய்வது? அப்போது கேள்வியைச் சுருக்குவோம், தலைப்பை மாற்ற வேண்டியதில்லை என்றார்.

மூன்றாவது, டிசம்பரில் விலகினால் பட்டத்துக்குக் கேடு வருமா? வராது. செய்த வேலை ஆய்வுப் பாடமாகக் கணக்கில் வரும். சாதாரணப் பட்டத்தோடு வெளியே வரலாம்.

வெளியே வரும் கதவு எங்கே இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் உள்ளே போனாள். டிரையத்லான் கிளப்பை விட்டுவிட்டு, கம்பெனி எனப்படும் மாணவர் பிரிவுகள் தங்களுக்குள் ஆடும் விளையாட்டுக்கு மாறினாள். அதில் வாரத்துக்கு ஆறு மணி நேரம் கிடைத்தது. இது சின்ன இழப்பு அல்ல. முதல் ஆண்டில் அவளைத் தாங்கிப்பிடித்த தோழிகள் அந்தக் கிளப்பில்தான் இருந்தார்கள். சொல்லிவிட்டு வந்த அன்று எங்கள் வீட்டில் அதிகம் பேசவில்லை. இரண்டு தோசைக்குமேல் சாப்பிடவும் இல்லை.

இன்னொன்றும் செய்தாள். மாணவர் தலைமைப் பொறுப்புகள் செமஸ்டருக்கு ஒருமுறை மாறும். இலையுதிர்கால செமஸ்டரில் பிளட்டூன், அதாவது கம்பெனிக்குள் ஒரு பிரிவின் பொறுப்பைக் கேட்டாள். ஆய்வேடு எழுத வேண்டிய வசந்தகால செமஸ்டரில் பெரிய பொறுப்பு எதையும் கேட்கவில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் தூக்கி ஊரை வியக்க வைக்கலாம் என்ற ஆசை அந்த வயதில் யாருக்கும் வரும். அவள் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

நடந்தது

செப்டம்பரில் தரவு கைகொடுக்கவில்லை. காற்றுப் பதிவில் அவளுக்கு வேண்டிய மாதங்களில் ஓட்டைகள் இருந்தன. இரண்டு வாரம் அதை ஒட்டவைக்கப் பார்த்தாள். அந்த இரண்டு வாரத்தில் அவள் பிளட்டூனில் ஒரு பிளீப் வேதியியலில் மூழ்கிக்கொண்டிருந்தான். வெளியே சொல்லவில்லை. சாப்பாட்டு மேசையில் பேச்சு குறைந்திருந்தது. இரவு விளக்கணைத்த பிறகு குளியலறை வெளிச்சத்தில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தான். சாதாரணமாக இருந்திருந்தால் மூன்றாம் நாளே கவனித்திருப்பேன் என்றாள். பதினைந்து நாள் கழித்துத்தான் கவனித்தாள்.

அந்த ஞாயிறு வந்தவள் தூங்கவில்லை. "பிளீப்களிடமிருந்து எடுக்க மாட்டேன் என்று நானே அடித்தேனே ஆன்ட்டி. எடுத்துவிட்டேன்." அழுதாள். நான் சமாதானம் சொல்லவில்லை. அவள் சொன்னது உண்மைதான்.

மறுநாளே அந்தப் பையனை ஆசிரியரிடம் அழைத்துப்போய்த் தனி வகுப்புக்கு ஏற்பாடு செய்தாள். அங்கே ஆசிரியர்கள் அதற்கு நேரம் ஒதுக்கித் தயாராக இருப்பார்கள். கேட்கத்தான் ஆள் வேண்டும். பேராசிரியரிடம் போய்க் கேள்வியைச் சுருக்கினாள். முன்னறிவிப்புக் கணக்கு போயிற்று, வரைபடம் போயிற்று. ஓட்டையில்லாத மாதங்கள் மட்டும் நின்றன. பையன் செமஸ்டர் முடிவில் தேறினான்.

பட்டம் பெற்றதும் யாருக்கு எந்தப் பணிப்பிரிவு என்ற அறிவிப்பு நவம்பரில் வந்தது. போர்க்கப்பல் பணியில் சேர்ந்து பிறகு கடலியல் அதிகாரியாக மாறும் ஒரு வழி உண்டு; இடங்கள் சொற்பம். அதைத்தான் அவள் கேட்டிருந்தாள். கிடைத்தது போர்க்கப்பல் பணி மட்டும். ஆனர்ஸ் எடுத்தால் விரும்பிய இடம் கிடைக்கும் என்று யாராவது உங்கள் பிள்ளைக்குச் சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

டிசம்பரில் விலகும் கதவுக்குப் பக்கத்தில் வந்தாள். காரணம் கேட்டேன். நவம்பர் ஏமாற்றமா, களைப்பா? ஒரு வாரம் யோசித்துவிட்டு வந்து, "தண்ணீர் எப்போது இறங்குகிறது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளாமல் விட முடியாது" என்றாள். நான் மறுபடியும் கேட்கவில்லை.

ஏப்ரலில் ஆய்வேட்டை விளக்கினாள். காற்றின் வேகத்தைவிட அது ஒரே திசையில் எவ்வளவு நேரம் நின்று வீசுகிறது என்பதுதான் முக்கியம் என்று அவளிடம் இருந்த மாதங்களின் பதிவு காட்டியது. ஆசிரியர் ஒருவர் மேல்நிலத்திலிருந்து ஆற்றில் வரும் நீரைப் பற்றிக் கேட்டபோது, "அதை நான் பிரித்துப் பார்க்கவில்லை, என் தரவில் அதற்கு இடமில்லை" என்றாளாம். அதைச் சொல்லும்போது குரல் நடுங்கவில்லை என்று அவளே ஆச்சரியப்பட்டாள். தரவரிசையில் சில இடங்கள் இறங்கியிருந்தாள். ஆனர்ஸ் கிடைத்தது.

என் மதிப்பீடு

நான் முதலில் சொன்ன 'வேண்டாம்' தவறு. முதல் பணியில் இதனால் பலன் இருக்காது என்ற என் கணக்கு சரிதான். அதை வைத்து முடிவு செய்ததுதான் பிசகு. பலன் என்ன என்று நான் கேட்டுக்கொண்டிருந்தபோது, அவள் எது தன்னைப் பிடித்துக்கொள்ளும் என்று தேடிக்கொண்டிருந்தாள்.

அதற்காக எல்லோருக்கும் 'எடு' என்று சொல்ல மாட்டேன். இவளுக்கு முன் எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு பையன் பெயருக்காக எடுத்தான். தலைப்பையும் பேராசிரியரே கொடுத்தார். அக்டோபரில் அவன் ஆய்வைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டான், டிசம்பரில் விலகினான். அவன் இன்று நல்ல அதிகாரி. அந்த மூன்று மாதத்தை அவன் தன் பிரிவுக்குக் கொடுத்திருக்கலாம். சாதாரணப் பாடங்களிலேயே தத்தளிக்கும் பிள்ளைக்கும் இதைச் சொல்ல மாட்டேன். உயிர்க்கயிறு கையில் இருக்கும்போதே முத்துக்குளிக்க வேண்டும்.

பிளீப் விஷயத்தில் நான் இன்னும் அமைதியாகவில்லை. காலண்டர் தாளில் ஒரு சொல்லை அடித்துவிட்டால் நேரம் அங்கிருந்து போகாது என்று நாங்கள் இருவரும் நம்பினோம். நேரம் போகவில்லைதான், அவள் அவர்களோடு செலவிட்ட மணிகள் குறையவில்லை. கவனம் போயிற்று. அதை மணிக்கணக்கில் எழுத முடியாது. இன்று யாராவது என் மேசையில் அந்தத் தாளை வைத்தால், உன்னைக் கவனித்து, நீ கவனிக்கத் தவறும்போது சொல்லக்கூடிய ஆள் உன் கம்பெனியில் யார் என்று கேட்பேன். அந்தக் கேள்வியை அன்று நான் கேட்கவில்லை.

அவள் அப்பாவின் கேள்விக்கும் ஒரு பாதி விடை இருக்கிறது. கப்பலைத் தேர்ந்தெடுக்கும் மாலையில், தன் முறை வந்தபோது, நார்ஃபோக் துறைமுகத்தில் நிற்கும் ஒரு நாசகாரிக் கப்பலை எடுத்தாள். நார்ஃபோக் அதே செசபீக் விரிகுடாவின் வாய். அங்கேயும் வெயில் நாளில் தண்ணீர் சாலைக்கு வரும்.

கப்பலுக்குப் போய் முதல் இலையுதிர்காலம். ஒரு வியாழக்கிழமை காலை எனக்கு அவளிடமிருந்து செய்தி வந்தது: "ஆன்ட்டி, இங்கே நேற்று இரவிலிருந்து தென்கிழக்குக் காற்று நிற்கவே இல்லை. இன்று மாலை காரைப் படகுத்துறைப் பக்கம் நிறுத்தாதீர்கள்." நான் நிறுத்தவில்லை. ஆறு மணிக்கு நடந்து போய்ப் பார்த்தேன். தண்ணீர் நடைமேடையில் ஏறி, அவள் குச்சி செருகியிருந்த கல் இடுக்கைத் தாண்டி நின்றது.